உறைபனிக் காலத்தில் கோல்ஃப்: பனி உருகியபின் மைதானத்தை மூடுவது ஏன்?

ஏர்நதி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கு வெளியே, மரங்கள் அடர்ந்த களிமண் நிலத்தில் அமைந்த ஒரு கோல்ஃப் கிளப்பில் சென்ற கோடையில் உறுப்பினராகச் சேர்ந்தேன். அக்டோபர் வரை எல்லாம் நன்றாகவே நடந்தது. டிசம்பர் பிறந்தபின், சனிக்கிழமை காலையில் போனால் ஒன்று தற்காலிக கிரீன்களில்தான் (குழி இருக்கும் குட்டைப் புல்தரையான கிரீனுக்குப் பதிலாக ஒதுக்கும் இடங்களில்) ஆட வேண்டும் என்கிறார்கள், அல்லது மைதானமே மூடியிருக்கிறது. வேலை நாள்களில் நான் வீடு திரும்புவதற்குள் இருட்டிவிடுவதால் எனக்கு வேறு நேரமும் கிடையாது.

எனக்குப் புரியாதது இதுதான். சென்ற வாரம் காலை ஒன்பது மணிக்குத் தரை முழுவதும் வெள்ளையாக, கல்லைப்போல் இறுகிக் கிடந்தது. அப்போது தற்காலிக கிரீன்களில் ஆட அனுமதித்தார்கள். பதினொரு மணிக்குமேல் வெயில் வந்து வெண்மை மறைந்ததும், முறையான கிரீன்களைத் திறப்பார்கள் என்று காத்திருந்தோம். மாறாக, மைதானம் முழுவதையும் மூடிவிட்டார்கள். பனி இருக்கும்போது ஆடலாம், பனி போனபின் ஆடக்கூடாது என்பதற்குக் காரணம் என்ன? மேலும், இறுகிய தரையில் அயர்னால் (இரும்பு மட்டையால்) அடிக்கும்போது மணிக்கட்டு அதிர்ந்து வலிக்கிறது. குளிர்காலம் முழுவதும் ஆடுகிறவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

புல்தரைப் பணியாளர்

வணக்கம், நண்பரே. நான் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் கிரீன்கீப்பராக (மைதானப் புல்தரையைப் பராமரிப்பவராக) வேலை செய்கிறேன். உங்கள் கேள்வியை ஒவ்வொரு குளிர்காலத்திலும் எங்கள் உறுப்பினர்களும் கேட்கிறார்கள். மைதானத்தைத் திறப்பதா மூடுவதா என்ற முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதை அவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்வதில்லை என்பதே எனக்கு வருத்தம்.

இரண்டு விதமான சேதங்கள் உண்டு. முதலாவது, வெண்பனி படிந்திருக்கும்போது இலையில் நேர்வது. வானம் தெளிவாக, காற்றில்லாமல் இருக்கும் இரவில் தரை தன் வெப்பத்தை வேகமாக இழப்பதால், வானிலை அறிக்கை 3 டிகிரி என்று சொல்லும் நாளிலும் புல்நுனியின் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். இலையின் பெரும்பகுதி நீர்தான். அது உறைந்திருக்கும்போது மிதித்தால் இலையின் செல்கள் வளைந்து கொடுக்காமல் உடைகின்றன. அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ அதே இடத்தில் குதிகாலும் முன்பாதமும் தனித்தனியே அடையாளம் தெரியும் அளவுக்குக் கறுத்த காலடித் தடங்கள் எழுந்து நிற்கும். நால்வர் கொண்ட ஒரு குழு ஒரே கிரீனில் சில நூறு காலடிகள் வைக்கிறது. கோடையில் அந்தப் புல் சில நாள்களில் தேறிவிடும். டிசம்பரில் வளர்ச்சியே நின்றுவிடுவதால், அந்தத் தடம் மார்ச், ஏப்ரல் வரை அப்படியே இருக்கும். பலவீனப்பட்ட இலை வழியே பூஞ்சை நோயும் எளிதாக நுழையும்.

இரண்டாவது சேதம்தான் உங்கள் கேள்விக்கு விடை. பனி உருகும்போது தரை மேலிருந்து கீழாக இளகுகிறது. வெயில் பட்டு மேல்மண் ஓரிரு சென்டிமீட்டர் மட்டும் மென்மையாகி, அதன் கீழே மண் இன்னும் இறுகிக் கிடக்கும் நேரம் ஒன்று உண்டு. உருகிய நீர் கீழே இறங்க வழியில்லாததால் மேல்மண் சேறாகிறது. அந்த நிலையில் யாராவது நடந்தாலோ மட்டைப்பை வைக்கும் டிராலியை இழுத்தாலோ, மேல்பகுதி பக்கவாட்டில் நகர்கிறது. வேரின் கீழ்ப்பகுதியோ உறைந்த மண்ணில் சிக்கி நிற்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் வேர் அறுந்துவிடும். அன்று பார்த்தால் கிரீன் பச்சையாக, அழகாகவே இருக்கும். வறண்ட வசந்தக் காற்று வீசத் தொடங்கும்போதுதான், வேரில்லாத இடங்கள் திட்டுத் திட்டாக வெளிறிப் போவது தெரியவரும்.

ஆகவே முழுவதும் இறுகிய தரையைவிட, பாதி உருகிய தரைதான் எங்களுக்கு அதிகம் பயம் தருவது. உங்கள் கிளப்பில் காலையில் தற்காலிக கிரீன்களைக் கொடுத்ததும், பிறகு முழுவதையும் மூடியதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. களிமண் நிலத்தில் ஃபேர்வேயும்கூட (கிரீனுக்குப் போகும் புல்பாதையும்கூட) அந்த நேரத்தில் கிழிந்துவிடும். நீங்கள் இருக்கும் பகுதியிலேயே, பிங்லியில், கோல்ஃப் புல்தரைகளுக்கான ஆய்வு நிலையம் 1929இல் தொடங்கப்பட்டது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இந்தத் தொழில் வெறும் வழக்கத்தை நம்பி நடப்பதல்ல.

மணற்கரை ஆட்டக்காரர்

மேலே உள்ள விளக்கத்துக்கு மிக்க நன்றி. ஆடும் முறையைப் பற்றி நான் சொல்கிறேன்.

உறைந்த தரையில் பந்தை உயரமாக ஏற்றி கிரீனில் நிறுத்த நினைப்பதுதான் எல்லாத் துன்பத்துக்கும் காரணம். கிரீனில் நேராக விழும் பந்து சிமெண்ட் தரையில் விழுந்ததைப் போலத் துள்ளி, பின்னால் இருக்கும் புதருக்குள் போய்விடும். கிரீனுக்கு இருபது, முப்பது கெஜம் முன்பாகவே பந்தை விழச்செய்து, உருண்டு போக விடுங்கள். கிரீனுக்கு அருகில் பந்தை உயரமாக ஏற்றும் வெட்ஜ் மட்டையை விட்டுவிட்டு 7 அல்லது 8 அயர்னால் தாழ்வாகத் தள்ளுவது நல்லது. பல நேரங்களில், கிரீனில் பந்தை உருட்டும் மட்டையான பட்டரே போதும். குளிர்ந்த பந்து மீள்திறன் குறைந்து, அடர்ந்த காற்றில் குறைவாகவே பறக்கும் என்பதால், இன்னும் அதிகத் தூரம் அனுப்பும் மட்டையை எடுத்து மெதுவாக அடியுங்கள்.

மணிக்கட்டு வலிக்குக் காரணம், பந்தை அடித்த வேகத்தில் மட்டை மண்ணுக்குள் இறங்க முடியாமல் நிற்பது. ஹைப்ரிட் அல்லது ஃபேர்வே வுட் மட்டையை எடுத்து, புல்லைத் துடைத்துச் செல்வதுபோல் அடித்துப் பழகினால் அந்த அதிர்ச்சி பெரும்பாலும் இருக்காது. முதல் அடிக்குப் பந்தைத் தாங்கும் டீ குச்சி தரையில் இறங்காத நாள்களுக்கு, தரைமேல் வைக்கும் ரப்பர் டீ ஒன்றைப் பையில் வைத்திருங்கள். உறைந்த குளத்தின்மேல் பந்து கிடந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். பனிப்பாளம் எவ்வளவு கெட்டியாகத் தெரிந்தாலும் அதன்மேல் கால் வைக்கக் கூடாது.

முடிந்தால் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரையோர லிங்க்ஸ் மைதானம் ஒன்றுக்குப் போய்வாருங்கள். மணல் நிலத்தில் நீர் தேங்குவதில்லை. கடலின் வெதுவெதுப்பால் உறைபனியும் குறைவு. அங்கும் கட்டுப்பாடுகள் உண்டு: செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்திலேயே நவம்பர் முதல் மார்ச் வரை ஃபேர்வேயில் சிறு பாய் ஒன்றை விரித்து, அதன்மேல் பந்தை வைத்துத்தான் அடிக்க வேண்டும். உலகம் முழுவதிலிருந்தும் ஆட வருகிறவர்கள் அதை மறுப்பின்றி ஏற்கிறார்கள்.

ஏர்நதி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. வேர் அறுந்துபோகும் செய்தி எனக்கு முற்றிலும் புதியது. அடுத்த முறை காத்திருக்கும் நண்பர்களிடம் நானே சொல்வேன். விதிகள் பற்றி ஒரு சந்தேகம்: கிரீனில் பந்து போகும் வழியில் வெண்பனி இருந்தால் அதைத் துடைத்துவிடலாமா? பந்தைச் சட்டைப்பையில் கைச்சூட்டு உறையோடு சேர்த்து வைக்கலாமா?

மணற்கரை ஆட்டக்காரர்

இரண்டும் கூடாது. விழுந்த பனியையும் இயற்கையான பனிக்கட்டியையும் அகற்றலாம். ஆனால் புல்லில் படியும் பனித்துளியும் உறைபனியும் விதிப்படி அகற்றத்தக்க பொருள்கள் அல்ல. விதி 8.1இன்படி, பட்டிங் வழியில் அதைத் துடைத்தால் மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளே ஆட்டத்தில், கணக்கில் இரண்டு அடிகள் கூட்டுவது தண்டனை. முதல் அடி அடிக்கும் டீ இடத்தில் மட்டும் துடைக்க விதி 6.2b அனுமதிக்கிறது. பந்தை வேண்டுமென்றே சூடாக்கி அதைக் கொண்டு ஆடுவது விதி 4.2aக்கு எதிரானது; அதற்குத் தண்டனை தகுதி நீக்கம். கைகளைச் சூடாக வைத்துக்கொள்வதற்குத் தடை எதுவும் இல்லை.

வென்லாக்

உதகையிலிருந்து எழுதுகிறேன். வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் உள்ள ஜிம்கானா கிளப் மைதானத்திலும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலையில் உறைபனி படிவதுண்டு. ஆனால் நம்முடைய வெயில் உறைப்பானது. காலை வெயில் ஏறும்போதே பனி மறைந்துவிடும், மண் ஆழமாக உறைவதும் இல்லை. ஆகவே நாங்கள் சற்றுத் தாமதமாகத் தொடங்கினாலே போதுமானது. லீட்ஸ் இருக்கும் யார்க்‌ஷயரில் சூரியன் நாள் முழுவதும் தாழ்வாகவே இருக்கும் என்பதால் எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று எப்படிக் கணிக்கிறார்கள்? புல்தரைப் பணியாளர் சொன்னால் நன்றாக இருக்கும்.

புல்தரைப் பணியாளர்

கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. ஒரு சிறு கத்தியை கிரீனின் பல இடங்களில் செங்குத்தாகக் குத்திப் பார்ப்போம். மேலே எளிதாக இறங்கி, கீழே எதிலோ முட்டி நின்றால் உள்ளே இன்னும் உறைந்திருக்கிறது என்று பொருள். மரநிழலில் கடைசியாக உருகும் கிரீன் எதுவோ, அதுதான் எங்களுக்கு அளவுகோல். அங்கே கத்தி தடையின்றி இறங்கும்வரை மற்ற கிரீன்களையும் திறப்பதில்லை. அதனால்தான் பல கிளப்புகளில் கிரீனுக்குக் கிழக்கிலும் தெற்கிலும் நிற்கும் மரங்களைக் குறைக்கிறார்கள். ஏர்நதி அவர்களே, உங்கள் கிளப்பில் எந்த கிரீன் கடைசியாக உருகுகிறது என்று தலைமை கிரீன்கீப்பரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் முதலில் அதைப் போய்ப் பார்த்தால், அன்றைக்குக் காத்திருப்பதா வீட்டுக்குப் போவதா என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.