லோ-ஃபைக்குத் தமிழ்: ‘தாழ்தர ஒலிப்பதிவு’ சரிதானா?

குழுவினருக்கு வணக்கம்.

கராஜ் ராக் என்ற கரடுமுரடான எளிய ராக் இசை பற்றி எழுதுகிறவர்கள், மெருகேற்றாமல் பதியும் லோ-ஃபை (lo-fi) முறையைத் ‘தாழ்தர ஒலிப்பதிவு’ என்று போட்டுவிடுகிறார்கள். சொல்லுக்குச் சொல் சரி, பொருள்தான் சறுக்குகிறது. கராஜ் ராக் இசைக்கலைஞர் பில்லி சைல்டிஷை எடுத்துக்கொள்வோம். 1959இல் பிறந்த இங்கிலாந்துக்காரர். கென்ட் பகுதியின் சாத்தம் சொந்த ஊர். 1977இல் பாப் ரிவெட்ஸ், பிறகு மில்க்‌ஷேக்ஸ், மைட்டி சீசர்ஸ், ஹெட்கோட்ஸ், பஃப் மெட்வேஸ் என்று குழுக்கள் மாறின. ஆல்பங்கள் நூறைத் தாண்டின. 1984இல் மில்க்‌ஷேக்ஸ் ஒரே நாளில் நான்கு ஆல்பங்களை வெளியிட்டது. ஹேங்மேன் என்று சொந்த லேபிளும் நடத்தினார். எல்லாரும் ஒரே அறையில் நின்று ஒருசேர வாசித்து, பிசிறைத் திருத்தாமல் விட்டால்தான் இந்த வேகம் கைகூடும். தெரிந்தே எடுத்த முறை இது. இதில் ‘தாழ்வு’ எங்கிருந்து வந்தது?

‘கரட்டொலிப்பதிவு’ என்று முன்மொழிகிறேன்.

> ‘கரட்டொலிப்பதிவு’ என்று முன்மொழிகிறேன்.

தாழ்தரம் வேண்டாம் என்பதில் உடன்பாடு. ஆனால் ‘கரடு’ ஒலி எப்படி இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. கிடார் ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடலை மிதித்துக்கொண்டு, ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே பதிந்து, கணினியில் தாளத்தை நேர்செய்தாலும் ஒலி கரடாகவே இருக்கும். அது இந்த வகை அல்ல.

முறை முழுவதையும் குறிக்கும் குடைச்சொல்லுக்கு முன் அதன் உறுப்புச் சொற்களை முடித்துவிடலாம். டிரம்ஸ் பாடகரின் மைக்கிலும் விழுவது ‘ஒலிக்கசிவு’. இதில் சிக்கல் இராது. நாடா தாங்கும் அளவுக்கு மேல் ஒலி ஏற்றும்போது நேரும் டேப் சாச்சுரேஷனுக்கு ‘நாடாத் தெவிட்டல்’ வைக்கலாம். தெவிட்டிய கரைசல் பள்ளிப் பாடத்திலேயே வருகிறதே. உப்பு இனிமேல் கரையாது என்பதுபோல, நாடா இனிமேல் காந்தமேறாது. ஏறாத பங்கு சட்டென்று அறுபடாமல் மழுங்குவதால்தான் ஒலி தடித்துக் கேட்கிறது. டிஜிட்டலில் அளவு மீறினால் அலையின் தலை தட்டையாக அறுபடும். அதை ‘முகடுவெட்டு’ எனலாம். இரண்டையும் ‘சிதைவு’ என்ற ஒரே சொல்லில் அடைத்தால் படிப்பவர் தப்பாகச் செய்வார்.

> ஏறாத பங்கு சட்டென்று அறுபடாமல் மழுங்குவதால்தான்

ஒரு சேர்க்கை. பதிவாகும் ஒலியின் அளவைக் காட்டும் வி.யு. மீட்டரின் முள் மந்தம். நிலைக்கு வர ஏறத்தாழ 300 மில்லிவிநாடி பிடிக்கும். ஸ்னேர் டிரம்மின் அடி அதற்குள் முடிந்துவிடும். முள் 0 காட்டும்போதே ஸ்னேர் தெவிட்டியிருக்கும். பேஸ் கிடாரை +3 வரை தள்ளினாலும் தாங்கும். கேசட்டில் உயர் அதிர்வெண் ஒலிகள் முதலில் தெவிட்டும், ஆகவே சிம்பல் மங்கி ‘ஷ்ஷ்’ என்றாகிவிடும். சிம்பலை மெல்ல அடிக்கச் சொல்வதே மருந்து. பின்னால் ஈக்யூவில் (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) தேடினால் கிடைக்காது.

கசிவிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரே டிரம்மின் ஒலி இரண்டு மைக்குகளுக்கு வரும் தொலைவில் 34 செ.மீ. வேறுபாடு இருந்தால் சுமார் 1 மில்லிவிநாடி தாமதம். கலக்கும்போது 500 ஹெர்ட்ஸ் அருகே ஒலி குழி விழும், ஸ்னேரின் உடல் காணாமல் போகும். இதற்குக் ‘கட்டக்குழி’ எனலாம், கட்டம் (phase) ஏற்கெனவே இயற்பியலில் உள்ள சொல். தவிர்க்க, மைக்கிலிருந்து கருவிக்கு 30 செ.மீ. என்றால் அடுத்த மைக்கை முதல் மைக்கிலிருந்து 90 செ.மீ.க்கு அப்பால் வைப்பது வழக்கம்.

நான்கு தடப் பதிவுக் கருவியில் மூன்று தடங்களை நான்காவதில் சேர்ப்பது ‘தடச்சேர்ப்பு’. சேர்த்த பிறகு பிரிக்க முடியாது, ஒவ்வொரு சேர்ப்பிலும் நாடா இரைச்சல் கூடும். தெளிவாகக் கேட்க வேண்டிய குரலைக் கடைசியில் பதிய வேண்டும்.

குடைச்சொல்லுக்கு வருவோம். ‘பச்சைப் பதிவு’ என்றால் நிறம் என்று நினைப்பார்கள். சைல்டிஷ் 16 வயதில் சாத்தம் கப்பல் தளத்தில் கல்தச்சு பழகியவர். அந்தத் தொழிலிலிருந்தே ‘பொளியாப் பதிவு’ என்று எடுக்க ஆசைதான், ஆனால் பொளிதல் (கல்லை உளியால் கொத்துதல்) இன்று எத்தனை பேருக்குப் புரியும்? ‘மெருகிடாப் பதிவு’ முறையையும் சொல்கிறது, பழிக்கவும் இல்லை. ஒற்று மிகும், ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ‘மெருகிடாத பதிவு’ என்று எழுதினால் மிகாது. அகராதியில் முதல் வடிவமே போகட்டும்.