கடற்பாசிப் பலகை வளைகிறது: உலர்த்தும் முறை, பூச்சு குறித்து உதவி தேவை

வணக்கம். பழுப்புக் கடற்பாசியை உலர்த்திப் பொடித்து, சோடியம் ஆல்ஜினேட் (பழுப்புக் கடற்பாசியிலிருந்தே எடுக்கப்படும் பசைப்பொருள்) கரைசலில் பிசைந்து, அச்சில் அழுத்தி விளக்குக் கூண்டும் முக்காலிக்கான இருக்கைப் பலகையும் செய்து வருகிறேன். கூண்டு மெல்லியது என்பதால் அதில் தொல்லையில்லை. பலகைதான் படுத்துகிறது. கால்சியம் குளோரைடு தெளித்ததும் மேற்பரப்பு நீரில் கரையாதபடி இறுகி, உள்ளே இருக்கும் ஈரத்தை அடைத்துக்கொள்வதால், 12 மி.மீ. பலகையின் ஓரங்கள் மூன்றாம் நாளே காய்ந்த இலையைப் போல மேலெழுந்துவிடுகின்றன. பாசியை மூன்று முறை நன்னீரில் அலசியும் வெண்ணிற உப்புப் பூக்கிறது. ஆல்ஜினேட்டும் கால்சியம் குளோரைடும் வினைபுரியும்போதே சோடியம் குளோரைடு, அதாவது சாதாரண உப்பு, உண்டாவதுதான் காரணம் என்று எண்ணுகிறேன். நொறுங்காதிருக்கக் கிளிசரின் சேர்த்தேன். அதுவோ காற்றின் ஈரத்தை ஈர்த்து, கைவைத்தால் பிசுபிசுக்கிறது.

எபாக்ஸி என்னும் பிளாஸ்டிக் பிசினைப் பூசச் சொன்னார் நண்பர் ஒருவர். மக்கக்கூடிய பொருளைப் பிளாஸ்டிக்கால் போர்த்துவதற்குக் கடற்பாசியைத் தேடிப் போக வேண்டியதே இல்லையே!

இறுகிய பலகையை மீண்டும் அலசி, பளு ஏற்றியே உலர்த்தியவர்கள் உண்டா, அதற்கு எத்தனை நாள் பிடித்தது என்பதையும், அரக்கு, தேன்மெழுகு, ஆளிவிதை எண்ணெய் ஆகியவற்றுள் எந்தப் பூச்சு அன்றாடம் உட்கார்ந்தெழும் இருக்கையில் உரியாமல் நிற்கிறது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.