என்எஃப்எல் வார மேட்ச் பிக்ஸ்: எத பாத்து டீம் எடுக்கணும்?

தக்கலை_நைட்ஷிஃப்ட்:

எல்லாருக்கும் வணக்கம். நமக்கு ஊரு தக்கலை, டெக்னோபார்க்ல வேல. எங்க கிளையண்ட் டீம் அமெரிக்காக்காரங்க, செப்டம்பர் வந்தாச்சுன்னா அவங்க எல்லாரும் சேந்து பிக்கெம் ஆடுவாங்க, அதாவது அந்த வாரம் நடக்குற எல்லா என்எஃப்எல் (அமெரிக்கன் ஃபுட்பால் லீக்) மேட்சுக்கும் யாரு ஜெயிப்பான்னு முன்னாடியே குறிச்சு குடுக்கணும், இந்த சீசன் எங்களையும் சேத்துக்கிட்டாங்க. பைசா ஒண்ணும் கெடையாது. நம்ம பயலுகளுக்குள்ள மட்டும் கொறஞ்ச பாயிண்ட் எடுத்தவன் எல்லாருக்கும் டீயும் ரசவடையும் வாங்கணும்னு ஒரு பேச்சு.

நான் தூத்தூர், வள்ளவிளை பக்கம் கால்பந்து பாத்து வளந்த ஆளு, அதுல ஒரு டீமோட ஆட்டத்த கொஞ்ச நேரம் பாத்தாலே ஓரளவு சொல்லிருவேன். இதுல ரூல்ஸ் புரிஞ்சாச்சு, நாலு டவுனுக்குள்ள (முயற்சிக்குள்ள) பத்து யார்டு முன்ன போகணும், டச்டவுன் 6, ஃபீல்ட் கோல் 3 எல்லாம் தெரியும். ஆனா யாரு ஜெயிப்பான்னு கேட்டா பாயிண்ட்ஸ் டேபிள்ல யாருக்கு வெற்றி ஜாஸ்தியோ அவன எடுக்கேன், ரெண்டு பேரும் சமம்னா ஹோம் டீம். இது போதுமா, வேற என்ன பாக்கணும்? இன்னொண்ணு, எங்களது கான்ஃபிடென்ஸ் பூல். 16 மேட்ச் இருந்தா ரொம்ப உறுதியான மேட்சுக்கு 16 பாயிண்ட், அடுத்ததுக்கு 15, அப்படியே கீழ 1 வரைக்கும் வைக்கணும். அத எப்படி அடுக்குதது? தெரிஞ்ச அண்ணன்மாரு அக்காமாரு கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

கோட்டாறு_கணக்கு:

தம்பி, நல்ல கேள்வி. டேபிள்ல வெற்றி தோல்விய மட்டும் பாக்காதீங்க, அதுக்கு பக்கத்துலயே பாயிண்ட்ஸ் ஃபார், பாயிண்ட்ஸ் அகைன்ஸ்ட்னு ரெண்டு காலம் இருக்கும்லா, உண்மையான விசயம் அங்கதான் கெடக்கு. ஒரு டீம் மொத்தம் எவ்வளவு அடிச்சிருக்கான், எவ்வளவு வாங்கியிருக்கான்னு பாருங்க.

இதுக்கு எனக்கு எப்பவும் ஞாபகம் வாறது 2022 மினசோட்டா வைக்கிங்ஸ்தான். 13 ஜெயம், 4 தோல்வி. டேபிள பாத்தா பெரிய டீம். ஆனா அந்த சீசன் முழுக்க அவங்க அடிச்சது 424, வாங்குனது 427. அதாவது அடிச்சத விட மூணு பாயிண்ட் கூட வாங்கிட்டு 13 மேட்ச் ஜெயிச்சிருக்கானுவ! எப்படின்னா எட்டு பாயிண்டுக்குள்ள முடிஞ்ச மேட்ச் பூரா, 11க்கு 11, அவங்க பக்கம் வந்துச்சு, தோத்ததெல்லாம் பெரும்பாலும் பெரிய அடியா தோத்தாங்க. அப்புறம் பிளேஆஃப்ல, அதாவது சீசன் முடிஞ்சு வாற நாக்அவுட்ல, முதல் மேட்சே சொந்த ஊர்ல ஜயண்ட்ஸ்கிட்ட 31-24னு போச்சு. அந்த மேட்ச்ல வெறும் டேபிள பாத்து 13-4ன்னு வைக்கிங்ஸ எடுத்தவங்க எத்தன பேரு!

கணக்கு பிடிக்கும்னா ஒரு ஃபார்முலா உண்டு, பேஸ்பால்ல பில் ஜேம்ஸ்னு ஒரு புள்ளிவிவர ஆளு கொண்டு வந்த பித்தாகரியன் கணக்கு. அடிச்ச பாயிண்ட 2.37 அடுக்குக்கு ஏத்தி, அத, அடிச்சது வாங்குனது ரெண்டையும் அதே மாதிரி ஏத்தி கூட்டுன தொகையால வகுக்கணும். 2.37ங்கிறது ஃபுட்பாலுக்குன்னு பொருத்தி எடுத்த அடுக்கு. வைக்கிங்ஸுக்கு போட்டுப் பாத்தா 17 மேட்ச்ல 8.4 ஜெயம்தான் வரும். ஒரு எக்செல் ஷீட்ல 32 டீமையும் போட்டு வச்சா வாரா வாரம் ரெண்டு நம்பர மாத்துனா போதும்.

டர்ன்ஓவர்லயும், அதாவது பந்து எதிராளி கைக்கு போறதுலயும், இதே கதைதான். ஒரு டீம் எதிராளிகிட்டருந்து பந்த நெறைய புடுங்கி ஜெயிச்சிட்டே வாறான்னா, அதுல ஃபம்பிள் (கைல இருந்து நழுவி விழுந்தது) எவ்வளவு, இண்டர்செப்ஷன் (எறிஞ்ச பந்த எதிராளி புடிச்சது) எவ்வளவுன்னு பிரிச்சு பாருங்க. கீழ விழுந்த பந்து யாரு கைக்கு போகும்ங்கிறது கிட்டத்தட்ட காசு சுண்டுறதுதான், போன மாசம் அவனுக்கு கெடச்சதுனால இந்த வாரமும் கெடைக்கணும்னு இல்ல.

ஹோம் டீம் விசயம்: பழைய ஆளுக ஹோம்ல ஆடுறதுக்கு மூணு பாயிண்ட் மேலாப்புன்னு சொல்லுவாங்க. இப்ப அவ்வளவு கெடையாது, ரெண்டுக்கும் கீழன்னு வச்சுக்கிடலாம். கொரோனா வருசம் 2020ல ஸ்டேடியத்துல கூட்டம் இல்லாம ஆடுனப்ப ஹோம் டீம்கள் மொத்தம் 127 ஜெயம் 128 தோல்வி ஒரு டை. கூட்டம் எவ்வளவு வேல செய்யுதுன்னு அதுலயே தெரியும்.

குழித்துறை_மினி:

கோட்டாறு அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனா நான் முதல்ல பாக்கது கணக்கில்ல, பந்த எறிஞ்சு ஆட்டத்த நடத்துற குவாட்டர்பேக் யாருன்னுதான். கால்பந்துல ஒரு நல்ல ஸ்ட்ரைக்கர் இல்லன்னா டீம் சமாளிச்சுக்கிடும், இதுல ஒவ்வொரு ஆட்டமும் அந்த ஒரு ஆளு கை வழியாத்தான் போகுது, அதனால போன வாரம் வரைக்கும் உள்ள பாயிண்ட் கணக்கு அந்த ஆளு இல்லன்னா வேற டீமோட கணக்குன்னே நெனச்சுக்கணும். 2023ல பெரிய குவாட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் ஜெட்ஸுக்கு வந்து ஆடுன முதல் மேட்ச்ல நாலாவது ஸ்னாப்லயே (பந்து கைக்கு வாற நாலாவது தடவையே) குதிகால் நரம்பு அறுந்து போயிட்டாரு, பெரிய எதிர்பார்ப்போட ஆரம்பிச்ச அந்த சீசன் 7-10ல முடிஞ்சுது.

இஞ்சுரி ரிப்போர்ட்ட கட்டாயம் பாக்கணும். ஞாயிறு மேட்சுக்கு புதன், வியாழன், வெள்ளின்னு மூணு நாள் போடுவாங்க. யாரு முழுசா பிராக்டிஸ் பண்ணுனான், யாரு கொஞ்சம், யாரு வரவே இல்லன்னு இருக்கும். வெள்ளிக்கிழம வாறதுதான் முக்கியம், நமக்கு அது சனி வெளுப்பாங்காலம். அவுட்னா கெடையாது, டவுட்ஃபுல்னாலும் பெரும்பாலும் கெடையாது, கொஸ்டினபிள்னா ரெண்டு பக்கமும் போகலாம். மேட்ச் தொடங்க 90 நிமிசம் முன்ன கடைசி லிஸ்ட் வரும், முதல் செட் மேட்ச் நமக்கு ராத்திரி பத்தரைக்குன்னா ஒம்பது மணிக்கு தெரிஞ்சிரும் (நவம்பர்ல அங்க கடிகாரத்த மாத்துனதுக்கு அப்புறம் எல்லாம் ஒரு மணி நேரம் தள்ளி போவும், ஞாபகம் வச்சுக்கிடுங்க).

கோட்டாறு_கணக்கு:

மினி, ராட்ஜர்ஸ் போன அன்னைக்கு ராத்திரி அந்த மேட்ச ஜெட்ஸ்தான் ஜெயிச்சான், பில்ஸ 22-16ன்னு ஓவர்டைம்ல, எதிராளி உதைச்ச பந்த புடிச்சு ஓடுன ஒரு பண்ட் ரிட்டர்ன் டச்டவுன்ல. டிஃபன்ஸ் நல்லா இருந்தா ஒரு மேட்ச் ரெண்டு மேட்ச் தாங்கும். 2017 சீசன்ல ஈகிள்ஸ் முதல் குவாட்டர்பேக் வென்ட்ஸ் இல்லாம மாத்து ஆளு நிக் ஃபோல்ஸ வச்சு சூப்பர் பௌலே, அதாவது ஃபைனலே, எடுத்தான்லா, பேட்ரியட்ஸ 41-33.

குழித்துறை_மினி:

எடுத்தாங்க அண்ணே, ஆனா அந்த ஈகிள்ஸ் வென்ட்ஸ் இருக்கும்போதே லீக்லயே முதல் வரிசை டீம், சுத்தி உள்ள ஆளுக அப்படி. சராசரி டீம்ல பேக்கப் குவாட்டர்பேக் வந்தா நான் அந்த டீம எடுக்கவே மாட்டேன், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல.

ஆரல்_காத்து:

நான் ஆரல்வாய்மொழி. காத்தாடி எப்படி சுத்துதுன்னு பாத்தே அன்னைக்கு வெளிய போகலாமா வேண்டாமான்னு தீர்மானிக்கிற ஊரு, அதனால வெதர் பத்தி யாரும் சொல்லாதது பொறுக்கல.

மழையையும் பனியையும் பாத்து எல்லாரும் பயப்படுவாங்க, ஆனா ஃபுட்பால்ல பந்து எறியறத கெடுக்குறது காத்துதான். 2021 டிசம்பர் 6, திங்கக்கிழம மேட்ச், பஃபலோல பேட்ரியட்ஸும் பில்ஸும். முப்பந்தல்ல அடிக்கிற மாதிரி காத்து. பேட்ரியட்ஸ் குவாட்டர்பேக் மேக் ஜோன்ஸ் மேட்ச் முழுக்க மூணே மூணு பாஸ்தான் போட்டாரு, மத்ததெல்லாம் ஓடியே 14-10ன்னு ஜெயிச்சுட்டாங்க. நல்லா எறியுற டீமுக்கு உள்ள மேலாப்பு அந்த மாதிரி நாள்ல போயிரும், ரெண்டு பேரும் சமமாயிருவான். அதனால பலமான காத்து வரும்னு தெரிஞ்சா பாஸ நம்புற ஃபேவரிட்ட (ஜெயிப்பான்னு எல்லாரும் எதிர்பாக்குற டீம) பட்டியல்ல கீழ இறக்கி வையுங்க. டெட்ராய்ட், மினசோட்டா, நியூ ஆர்லியன்ஸ், அட்லாண்டா எல்லாம் கூரைக்குள்ள ஆடுகது, அங்க வெதர பாக்கவே வேண்டாம்.

மேட்ச் எங்க நடக்குதுன்னும் ஒருதரம் பாத்துக்கிடுங்க. 2025 முதல் வாரம் சார்ஜர்ஸ் ஹோம் டீம்னு போட்டிருந்துச்சு, ஆனா மேட்ச் பிரேசில்ல சாவோ பாலோல. லண்டன், ஜெர்மனி மேட்சும் அப்படித்தான், ஹோம்னு பேருக்குத்தான் இருக்கும்.

நாஞ்சில்_ஆறுமணி:

எல்லாரும் சொன்னத படிச்சேன், எல்லாமே கொள்ளாம், ஆனா தம்பி நைட்ஷிஃப்ட் பாக்குற ஆளு, 16 மேட்சுக்கும் இத எல்லாம் உக்காந்து நோண்டுனா தூங்குறது எப்ப? என்னோட வழிய சொல்லுகேன்.

முதல்ல ஸ்ப்ரெட்ட எடுங்க, அதாவது எத்தன பாயிண்ட்ல ஜெயிப்பான்னு பெட்டிங் கம்பெனிக்காரங்க போடுற நம்பர. டீம் பேரு பக்கத்துல மைனஸ் 7ன்னு இருந்தா அவன் ஏழு பாயிண்ட் ஃபேவரிட்னு அர்த்தம், பிளஸ் இருந்தா மத்தவன். கோட்டாறு அண்ணனோட பாயிண்ட் கணக்கு, மினியோட இஞ்சுரி, ஆரல் அண்ணனோட காத்து, எல்லாத்தையும் சேத்து முழு நேரமும் இதே வேலையா இருக்குறவங்க போடுற நம்பர் அது. நாம தனியா உக்காந்து அத தோக்கடிக்கது ரொம்ப கஷ்டம். பைசா வச்சு ஆடுறதுக்கு இல்ல கேட்டீளா, ஆன்லைன்ல அத 2025லயே மத்திய அரசு சட்டம் போட்டு தடை பண்ணியாச்சு, நம்பர பாக்கதோட நிறுத்திக்கிடணும்.

சீசன் முழுக்க பாத்தா ஃபேவரிட் மூணுல ரெண்டு பங்கு மேட்ச் ஜெயிக்கான். உங்க பூல்ல வெறும் ஜெயம் மட்டும்தான் கணக்கு, ஸ்ப்ரெட்ட தாண்டணும்னு இல்ல, அதனால எல்லா மேட்சுக்கும் ஃபேவரிட்ட எடுத்தாலே நல்ல எடத்துல இருப்பீங்க. அடுக்குறதும் அதுலயே வந்துரும், பெரிய ஸ்ப்ரெட்டுக்கு 16, அடுத்ததுக்கு 15ன்னு. மூணும் மூணுக்கு கீழயும் உள்ள மேட்ச் எல்லாம் கடைசில, ஏன்னா மூணு பாயிண்ட் ஃபேவரிட்னா பத்துக்கு ஆறுதான் ஜெயிப்பான், ஒரே ஒரு ஃபீல்ட் கோல்ல மாறிப்போகும். அஞ்சாவது வாரம் போல பை வீக் (டீமுகளுக்கு ஓய்வு வாரம்) ஆரம்பிச்சா மேட்ச் கொறையும், 14 மேட்ச்னா மேல உள்ளது 14 பாயிண்ட், மொத்தம் 105.

அப்படியானா எல்லாரும் ஒரே மாதிரி எடுத்துருவாங்களே, நான் எப்படி முன்ன வாறதுன்னு கேப்பீங்க. வாரத்துக்கு ஒண்ணோ ரெண்டோ, அதுவும் நீங்க 3, 4னு கொறஞ்ச கான்ஃபிடென்ஸ் பாயிண்ட் வச்ச கடைசி மேட்ச்ல மட்டும் எதிர் டீம எடுங்க. தோத்தா பெருசா ஒண்ணும் போவாது, ஜெயிச்சா மத்தவங்கள தாண்டிருவீங்க. 14, 15ல கை வச்சு வேற ஆள எடுத்தா வாரமே போயிரும்.

அந்த நம்பர் மாறுறதையும் கவனிங்க. செவ்வாய்க்கிழம மைனஸ் 6ன்னு இருந்தது சனிக்கிழம மைனஸ் 2 ஆச்சுன்னா பெரும்பாலும் எதோ ஆளுக்கு அடிபட்டிருக்கும், அப்ப மட்டும் மினி சொன்ன ரிப்போர்ட்ட தொறந்து பாருங்க.

கடைசி வாரம் மட்டும் எல்லாமே தலைகீழ். 2024 சீசன் 18வது வாரம் சீஃப்ஸ் 15-1, எதிர பிரான்கோஸ் 9-7. டேபிள பாத்து எடுத்தா சீஃப்ஸ்தான். ஆனா சீஃப்ஸுக்கு முதல் எடம் ஏற்கனவே உறுதி, முக்கிய ஆளுகள எல்லாம் உக்கார வச்சுட்டான், பிரான்கோஸுக்கு பிளேஆஃப் போக அந்த ஜெயம் வேணும். 38-0. அந்த வாரம் யாருக்கு மேட்ச் தேவ இருக்குன்னு மட்டும் பாருங்க.

தக்கலை_நைட்ஷிஃப்ட்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ராத்திரி பிரேக்ல உக்காந்து ரெண்டு தரம் படிச்சாச்சு. ஸ்ப்ரெட்ட வச்சு அடுக்கிட்டு, கோட்டாறு அண்ணனோட ஷீட்ட கடைசி நாலு மேட்சுக்கு மட்டும் பாக்கலாம்னு இருக்கேன். ஒரே ஒரு சந்தேகம், வியாழக்கிழம மேட்ச் நமக்கு வெள்ளி காலைல ஆறு மணிக்கு முன்னாடியே தொடங்குதுல்லா, அப்ப வெள்ளி ரிப்போர்ட் எப்படி பாத்து எடுக்கது? ரெண்டு பேரு பாயிண்ட் சமமானா பிரிக்கதுக்கு டை பிரேக்கர்னு திங்கக்கிழம மேட்சோட மொத்த ஸ்கோரும் கேக்கான்.

நாஞ்சில்_ஆறுமணி:

அத பூல் நடத்துறவர்கிட்ட கேட்டுருங்க தம்பி, ரெண்டு விதமா வைப்பாங்க. ஒவ்வொரு மேட்சும் தொடங்கும்போது அது அது லாக் ஆகும்னா வியாழன் மேட்ச மட்டும் முன்ன போட்டுட்டு மிச்சத்த ஞாயிறு ராத்திரி வரைக்கும் மாத்திக்கிடலாம். மொத்தமும் வியாழனே லாக்னா, கொஸ்டினபிள் குவாட்டர்பேக் உள்ள மேட்ச ஒண்ணுவிடாம கீழ தள்ளிருங்க. வியாழன் மேட்ச்ல ஆளுகளுக்கு நாலு நாள்தான் ஓய்வு, அதனால அதுக்கு நான் பெரிய பாயிண்ட் வைக்கது கெடையாது.

டை பிரேக்கருக்கு ஓவர் அண்டர்னு ஸ்ப்ரெட் பக்கத்துலயே ஒரு நம்பர் இருக்கும், ரெண்டு டீமும் சேந்து அடிப்பாங்கன்னு எதிர்பாக்குற மொத்த ஸ்கோர், 45, 47ன்னு, அதையே போடுங்க, காத்து இருந்தா ரெண்டு மூணு கொறைங்க. மேட்சே டை ஆனா பாயிண்ட் யாருக்குன்னும் சேத்து கேட்டுருங்க, 2025 செப்டம்பர்ல கவ்பாய்ஸும் பேக்கர்ஸும் 40-40ல முடிச்சான்லா.