மத்தும் ஆப்பும் சேர்ந்தால் மத்தாப்பு

மதுரை உறுப்பினர்:

குறுக்கெழுத்துப் புதிர்களில் ரத்தினம், வெடி, பண்டிகை ஆகியவற்றின் பெயர்கள் விடையாக வந்து நம்மைத் திணறடித்த அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ளலாமே என்று தோன்றியது. முதலில் என் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன்.

"நெருப்புக்கும் காற்றுக்கும் நடுவே கவிதை வந்தால் பண்டிகை (4)" என்பது குறிப்பு. நெருப்பு, பண்டிகை, நான்கு எழுத்து என்ற மூன்றையும் பார்த்தவுடன் 'பொங்கல்' என்று பேனாவாலேயே எழுதிவிட்டேன். காற்றும் கவிதையும் பொங்கலில் எங்கே இருக்கின்றன என்று கேட்டுக்கொள்ளும் பொறுமை எனக்கு இல்லை. சுற்றியிருந்த சொற்கள் ஒன்றும் பொருந்தாமல் போய், இரண்டு நாள் கழித்து வானொலியில் 'வளிமண்டல மேலடுக்கு' என்று வானிலை அறிக்கை ஒலித்தபோதுதான் பிடிபட்டது: தீ, பா, வளி. பிறந்தது முதல் கொண்டாடிவரும் தீபாவளிக்குள் ஒரு வெண்பாவே ஒளிந்திருக்கலாம் என்று அதற்கு முன் எனக்குத் தோன்றியதே இல்லை.

அதே புதிரில் இன்னொன்று: "தயிர் கடைவதும் மரம் பிளப்பதும் சேர்ந்து பொறி சொரியும் (5)". மத்து, ஆப்பு, இரண்டும் புணர்ந்தால் மத்தாப்பு. 'உயிர்வரின் உக்குறள் மெய்விட்டோடும்' என்று பள்ளியில் மனப்பாடம் செய்த நன்னூல் விதி, மதிப்பெண்ணைத் தவிர வேறொன்றுக்கும் உதவியதாக எனக்கு நினைவில்லை, அன்று உதவியது. ஆங்கிலப் புதிரில் துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே சொல் கிடைத்துவிடுகிறது. நமக்கோ உகரம் ஓடி, மெய்யின்மேல் உயிர் ஏறிய பிறகுதான் கட்டம் நிரம்புகிறது.

தஞ்சாவூர் உறுப்பினர்:

மதுரை ஐயாவுக்கு வணக்கம். தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் எனக்கும் இலக்கணம் கலந்த குறிப்புகளிடம்தான் பிரியம் அதிகம். "சாயாத கொண்டாட்டம் (2)" என்ற குறிப்புக்கு விடை 'விழா'. வாடாத மலரை 'வாடா மலர்' என்பதுபோல விழாத மரத்தை 'விழா மரம்' என்று சொல்லலாம். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தை விளக்க நான் வகுப்பில் பல ஆண்டுகள் பட்ட பாட்டை இரண்டே சொற்களில் ஒருவர் முடித்துவிட்டார்.

நவரத்தினங்களைப் பொறுத்தவரை எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மரகதத்துக்கு 'பச்சைக் கல்' என்று மட்டும் கொடுத்துவிட்டு அதைப் புதிர் என்கிறார்கள். அப்படியில்லாமல், "அரசன் மே மாதத்தில் தலை போன சாதகத்தைப் பார்த்து அணிந்த கல் (5)" என்று ஒருவர் கேட்டிருந்தார். கோ, மே, சா இழந்த சாதகம், ஆக, கோமேதகம். அமுதம் உண்டு தலை துண்டிக்கப்பட்ட ராகுவுக்கு உரிய கல் அது என்பதால், 'தலை போன' என்ற சொற்களை நான் இன்னும் ஒருமுறை ரசித்தேன். அமைத்தவர் அதை எண்ணியே எழுதினாரா என்று கேட்க வாய்ப்பில்லை.

சென்னை உறுப்பினர்:

"ஒரு சுழி கூடினால் ஆகாயமும் வெடிக்கும் (3)" என்பதற்கு அவசரத்தில் 'வானம்' என்றே எழுதிவிட்டேன். வானத்துக்கு ஒரு சுழி கூட்டி 'வாணம்' ஆக்க வேண்டும் என்று குறிப்பே சொல்லியிருந்தும் கவனிக்கவில்லை. மேலிருந்து கீழாக வந்த 'கணவன்' அதனால் 'கனவன்' ஆகிவிட, பக்கத்திலிருந்து பார்த்த என் மனைவி, "எழுதியவருக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது" என்றார்.

மதுரை உறுப்பினர்:

அம்மாவின் கோமேதகத்துக்கு நன்றி. ரத்தினத்துக்கும் கொண்டாட்டத்துக்கும் இந்த விளையாட்டோடு உள்ள உறவு பழையது. 1913 டிசம்பர் 21 அன்று, கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்பு, 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஆர்தர் வின் அமைத்த முதல் குறுக்கெழுத்துப் புதிர் சதுரமாக இல்லை. நடுவில் வெற்றிடம் விட்ட சாய்சதுரமாக இருந்தது. அந்த வடிவத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு ரத்தினத்தின் பெயர்தான். அதே ரத்தினத்தை விடையாக வைத்து நான் அமைத்த குறிப்பு இது: "ஏசிய பின் ஊற்றிய மது ஒளிரும் (3)". சென்னை நண்பர் இம்முறை பென்சிலால் எழுதட்டும்.