கஷ்டமான இங்கிலீஷ் வார்த்தைங்க உங்களுக்கு எப்படி மனசுல நின்னுச்சு? அனுபவம் சொல்லுங்க

எஸ்எஸ்சி சிஜிஎல்லுக்கு, அதான் டிகிரி முடிச்சவங்களுக்கான மத்திய அரசு வேலைத் தேர்வுக்கு, படிச்சிட்டு இருக்கேன். டயர் 1ல, அதாவது முதல் கட்டத்துல, இங்கிலீஷ் 25 கேள்வி, 50 மார்க், தப்பா போட்டா அரை மார்க் போயிடும், அதனால சினானிம் ஆன்டனிம்ல குத்துமதிப்பா அடிக்கிற கதையே கிடையாது. லிஸ்ட்டும் படிக்கிறேன், ஆனா எனக்கு நிஜமா கை குடுத்தது பேப்பர்ல வர்ற எடிட்டோரியல்தான். புது வார்த்தையை தனியா எடுக்காம அதுகூட எது சேர்ந்து வருதோ அதையும் எழுதி வெச்சுப்பேன். இன்ஃப்ளேஷன்னா கர்ப், புரொட்டஸ்ட்னா குவெல், ரிஸ்க்னா மிட்டிகேட். லிஸ்ட்ல பாத்தா மூணுக்கும் கட்டுப்படுத்து, அடக்கு, குறைன்னு கிட்டத்தட்ட ஒண்ணுதான் இருக்கும், ஆனா ரிஸ்க்கை குவெல் பண்ணோம்னு யாரும் எழுத மாட்டாங்க. பத்தியில விட்டிருக்கிற வார்த்தையை நிரப்புற க்ளோஸ் டெஸ்ட்ல கேக்குறதே இந்த ஜோடியைத்தான். நீங்கல்லாம் எப்படி படிச்சீங்க?

*

நல்லா சொன்ன தம்பி. நான் பேங்க் எக்ஸாம் பசங்களுக்கு இங்கிலீஷ் எடுக்கிறேன், டெனுவஸ்னா மெல்லியதுன்னு லிஸ்ட்ல படிச்சிட்டு ஒரு பொண்ணு ஒல்லியா இருக்கிற தன் தம்பியை டெனுவஸ் பாய்னு எழுதியிருந்தா. பாவம், அவ படிச்ச லிஸ்ட்ல அவ்வளவுதான் இருந்துச்சு. ரெண்டு விஷயத்துக்கு நடுவுல இருக்கிற தொடர்பு வலுவில்லாம இருந்தா அதுதான் டெனுவஸ் லிங்க்னு போர்டுல எழுதினதும் புடிச்சுக்கிட்டா.

இன்னொண்ணு, வேர்ச்சொல். லத்தீன்ல லோக்வின்னா பேசுறது, அதை சொல்லிட்டா எலோக்வென்ட், லொக்வேஷியஸ், கொலோக்கியல், சொலிலக்வி எல்லாம் ஒரே குடும்பமா வந்து உக்காந்துடும். கிரேக்கத்துல க்ரோனோஸ்னா காலம், அதுல க்ரானிக், சிங்க்ரனைஸ், அனாக்ரனிசம். கிளாஸ்ல பசங்க முகம் மலர்றதே இந்த இடத்துலதான், நானும் அதுக்காகவே ஒரு மணி நேரம் கூட எடுப்பேன். எல்லா வார்த்தைக்கும் இது ஒத்துவராது, குவெல்லுக்கு வேர் தேடிட்டு இருந்தா நேரம்தான் போகும், அதை வாக்கியத்தோட படிக்கிறதே நல்லது.

*

அக்கா சொன்னது வெளிநாட்டுல மேல்படிப்புக்கு எழுதுற ஜிஆர்ஈக்கும் அப்படியே பொருந்தும். எங்க சீனியர்ஸ் காலத்துல பாரன்ஸ் கைடு புக்ல இருக்கிற 3500 வார்த்தை லிஸ்ட்டை மனப்பாடம் பண்ணுவாங்க, ஏன்னா அப்போ ஆன்டனிம், அனாலஜி நேரடியா வரும். 2011 ஆகஸ்ட்ல ரெண்டையும் எடுத்துட்டாங்க. இப்போ சென்டன்ஸ் ஈக்விவலன்ஸ்ல ஒரே பிளாங்க், ஆறு சாய்ஸ், அதுல ரெண்டு எடுக்கணும், எதைப் போட்டாலும் வாக்கியம் ஒரே அர்த்தம் தரணும், ஒண்ணு மட்டும் சரின்னா மார்க் கிடையாது. சினானிமா தெரியுற ஒரு ஜோடி சும்மா ஆசை காட்ட உக்காந்திருக்கும், வாக்கியத்துல வெச்சு படிச்சாதான் பொருந்தலைன்னு தெரியும்.

மறக்காம இருக்க நான் பண்ணது லைட்னர் பெட்டி. செபாஸ்டியன் லைட்னர்னு ஒரு ஜெர்மன்காரர் 1972ல எழுதின முறை. கார்டுல வார்த்தை எழுதி முதல் பெட்டியில போடணும், அதை தினமும் பாக்கணும். சரியா சொன்னா அடுத்த பெட்டி, அதை கொஞ்ச நாள் விட்டு பாத்தா போதும், அதுலயும் சரின்னா இன்னும் தள்ளி. தப்பாச்சுன்னா எங்க இருந்தாலும் திரும்ப முதல் பெட்டி. வீட்ல சேர்ந்து கிடந்த கல்யாணப் பத்திரிகையெல்லாம் வெட்டி கார்டு பண்ணேன், அட்டை தடியா இருக்கும், பின்பக்கம் காலியா இருக்கும். போன்ல பண்ணணும்னா ஆன்கி ஆப் இருக்கு, எப்போ எந்த கார்டுன்னு அதுவே கணக்கு போட்டுக்கும்.

*

அண்ணா, கார்டுல அர்த்தம் எழுதுவீங்களா, வாக்கியமா?

*

முன்னாடி பிளாங்க் விட்ட வாக்கியம், பின்னாடி வார்த்தை. அர்த்தம் ஓரத்துல பென்சில்ல. உங்க எடிட்டோரியல் நோட்டுல இருக்கிற வாக்கியத்தையே எடுத்துக்கோங்க, புதுசா தேட வேண்டாம்.