நல்லவன் கெட்டுப்போகும் கதை: மாற்றம் திடீரென்று தெரிகிறது, எங்கே சரிசெய்வது?

குறுந்திரை:
வணக்கம். கூட்டுறவு வங்கிக் காசாளர் ஒருவர். நேர்மையானவர். கடைசியில் கூட வேலை செய்பவரைத் தன் குற்றத்துக்காகச் சிறைக்கு அனுப்புகிறார். 2 மணி 10 நிமிடத் திரைக்கதை. படித்தவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: இடைவேளை வரை நல்லவர், அதன் பிறகு கெட்டவர், நடுவில் படிக்கட்டே இல்லை. மகளின் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் வேண்டும் என்பதைக் காரணமாக வைத்திருக்கிறேன். எந்தப் படங்களைக் காட்சி காட்சியாகப் பிரித்துப் பார்க்கலாம்? முடிவுகளைச் சொல்லியே பேசலாம், பரவாயில்லை.

இடைவேளை:
முதலில் அந்த அறுவைச் சிகிச்சையை எடுத்துவிடுங்கள். பில் கட்டிய அன்றே அந்தத் தேவை தீர்ந்துவிடும். அதற்கு மேல் அவர் ஏன் தொடர்கிறார் என்பதற்கு உங்களிடம் பதில் இருக்காது. இடைவேளைக்குப் பின் வேறு ஆள் போலத் தெரிவது அதனால்தான்.

சாம் ரெய்மியின் ‘எ சிம்பிள் பிளான்’ (1998) பாருங்கள். பனிக்காட்டில் விழுந்து கிடக்கும் சிறு விமானத்தில் 44 லட்சம் டாலர். ஹாங்க், அண்ணன் ஜேக்கப், ஜேக்கப்பின் கூட்டாளி லூ, மூவரும் கண்டெடுக்கிறார்கள். போலீசிடம் சொல்லலாம் என்று முதலில் சொல்பவனே ஹாங்க்தான். பிறகு ஒரு நிபந்தனையோடு இறங்கி வருகிறான்: பணம் என்னிடம் இருக்கட்டும், யாராவது தேடி வந்தால் எரித்துவிடுவேன். முதல் படி இதுதான். பார்ப்பவனும் தலையாட்டிவிடுகிறான், ஏனென்றால் இதுவரை யாருக்கும் நஷ்டமில்லை.

அடுத்து மனைவி சாரா. ‘இப்படிப் பணம் கிடைத்தால்?’ என்று பொதுவாகக் கேட்கும்போது அது திருட்டு என்கிறாள். கட்டுகளை மேசையில் கொட்டியதும் பேச்சு மாறுகிறது. சந்தேகம் வராமலிருக்க 5 லட்சத்தைத் திரும்ப விமானத்தில் வைக்கச் சொல்லும் யோசனையும் அவளுடையதே. அதை வைக்கப் போன இடத்தில் ஒரு முதியவர் வந்து சேர்கிறார். பதறிப்போய் ஜேக்கப் அவரை அடித்து வீழ்த்துகிறான். இறந்துவிட்டார் என்று நினைத்து, விபத்து போலக் காட்ட ஹாங்க் உடலை எடுத்துச் செல்கிறான். வழியில் அவருக்கு உயிர் இருப்பது தெரிகிறது. மூச்சை அடைத்துக் கொல்கிறான்.

கவனிக்க வேண்டியது: அந்தக் கொலை பணத்துக்காக நடக்கவில்லை, அண்ணனைக் காப்பாற்ற நடக்கிறது. ஒவ்வொரு தப்பும் முந்தைய தப்பை மூடுவதற்காக வருகிறது. உங்கள் ஸ்கிரிப்டில் ஒவ்வொரு படிக்கும் மூன்று வரி எழுதிப் பாருங்கள்: என்ன செய்தார், தனக்கு என்ன நியாயம் சொல்லிக்கொண்டார், இதனால் எந்தக் கதவு மூடிற்று. மூன்றாவது வரி காலியாக இருந்தால் அது வெறும் சம்பவம், படி அல்ல. இந்த நீளத்துக்கு ஆறேழு படி போதும். அதில் நான்காவது இடைவேளைக்கு முன்பே வந்துவிட வேண்டும்.

பழைய ரீல்:
ஜான் ஹூஸ்டனின் ‘தி ட்ரெஷர் ஆஃப் தி சியரா மாட்ரே’ (1948) அவசியம். தங்கம் தேடிப் போகும் மூவரில் ஒருவன் டாப்ஸ். தொடக்கத்தில் அவன் தன் லாட்டரிப் பணத்தைப் போட்டுக் கூட்டாளியின் பங்கையும் சேர்த்துச் செலவு செய்கிறவன். தங்கம் கிடைத்ததும் ஒவ்வொரு இரவும் பங்கு பிரித்து, அவரவர் தனித்தனியே ஒளித்து வைக்கிறார்கள். அந்த ஏற்பாடே அவனைத் தின்கிறது: ராத்திரி ஒருவன் எழுந்தால் மற்றவனுக்குத் தூக்கம் போகிறது. உங்கள் வங்கியிலும் இப்படி அன்றாடம் திரும்பி வரும் ஒரு வேலையைப் பிடியுங்கள். மாலையில் பெட்டகக் கணக்கு நேர்செய்வது போல ஒன்று. அதே வேலையை ஐந்து முறை காட்டினால் மாற்றம் தானே தெரியும், வசனம் தேவைப்படாது.

தமிழில் ‘ரத்தக்கண்ணீர்’ (1954) பெரிய படம், ஆனால் இந்த வேலைக்கு உதவாது. மோகனசுந்தரம் வெளிநாட்டிலிருந்து வரும்போதே கெட்டுத்தான் வருகிறான். நாம் பார்ப்பது தண்டனையை. ‘புதுப்பேட்டை’ (2006) உதவும். கொக்கி குமார் செய்யும் கொலைகளையெல்லாம் நாம் பொறுத்துக்கொள்கிறோம். நம்பி அழைத்த கூட்டாளியின் தங்கை கல்யாணத்தில், தலைமை தாங்கப் போனவன் தானே தாலி கட்டுகிறான் பாருங்கள், அங்கேதான் நமக்கும் அவனுக்கும் அறுந்துபோகிறது. ரத்தமே இல்லாத காட்சி. நம்பிக்கைத் துரோகம் கொலையைவிட ஆழமாக இறங்கும் என்பது செல்வராகவனுக்குத் தெரிந்திருக்கிறது.

நீலத்திரை:
‘நைட்கிராலர்’ (2014) சேர்க்கலாமே?

இடைவேளை:
அருமையான படம், ஆனால் வீழ்ச்சிப் படம் அல்ல. லூ ப்ளூம் முதல் காட்சியிலேயே காவலாளியைத் தாக்கி அவர் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொள்கிறான். அவன் மாறவே இல்லை, சுற்றியிருப்பவர்கள்தான் அவனுக்கு இடம் கொடுத்துக்கொண்டே போகிறார்கள். உங்கள் வங்கி மேலாளர் பாத்திரத்துக்கு வேண்டுமானால் பாருங்கள்.

எடிட் டேபிள்:
எழுத்தில் சரியாக வந்ததைப் பின்னணி இசை கெடுத்துவிடும், அதையும் யோசியுங்கள். ‘தி காட்ஃபாதர்’ (1972) உணவகக் காட்சியில், மாஃபியா தலைவரின் மகன் மைக்கேல் எதிரிகளைச் சுடும் வரை இசையே கிடையாது. வெளியே ரயில் கிறீச்சிடும் சத்தம் ஏறிக்கொண்டே வருகிறது. துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு வெளியேறும்போதுதான் இசை. எதிரி சொலொட்ஸோ இத்தாலியனில் பேசுவதற்கு சப்டைட்டிலும் இல்லை, அதனால் நம் கண் மைக்கேல் முகத்திலேயே நிற்கிறது.

அதற்கு முன்னால் மருத்துவமனை வாசல். பேக்கரிக்காரர் என்ஸோவின் கை நடுங்க, அவர் சிகரெட்டைப் பற்றவைக்கும் மைக்கேல் தன் கை நடுங்கவில்லை என்று கவனிக்கிறான். சில நொடிதான். இந்த விதை இல்லாவிட்டால் உணவகக் காட்சியும் திடீரென்றுதான் தெரிந்திருக்கும்.

மாண்டேஜை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். பாட்டு ஒன்றைப் போட்டு ‘மூன்று மாதத்தில் மாறிவிட்டார்’ என்று காட்டுவது, பார்ப்பவர் உடன் நின்று முடிவெடுக்க வேண்டிய இடங்களை எல்லாம் வெட்டி எறிவதாகும்.

குறுந்திரை:
நன்றி, நிறையக் கிடைத்தது. கடைசியில் அவர் பிடிபட வேண்டுமா?

இடைவேளை:
கட்டாயமில்லை. ஹாங்க் பிடிபடுவதில்லை. அண்ணனையே சுட்ட பிறகு, நோட்டுகளின் எண்கள் குறித்து வைக்கப்பட்டிருப்பது தெரிகிறது. சாரா தடுக்கத் தடுக்கத் தானே எரிக்கிறான். மலையாள ‘ஜோஜி’யில் (2021) தன்னைச் சுட்டுக்கொண்டவன் சாவதுமில்லை, பழியைச் சமூகத்தின் மேல் போட்டுக் குறிப்பும் எழுதி வைக்கிறான். உங்கள் காசாளர் எதற்காக இதையெல்லாம் தொடங்கினாரோ, அது அவர் கையிலேயே பயனற்றுப் போகட்டும். போலீஸ் வருவதும் வராததும் அதற்குப் பிறகு முடிவு செய்யலாம். சிறைக்குப் போகும் அந்தச் சக ஊழியருக்கு முதல் அரை மணி நேரத்திலேயே இரண்டு நல்ல காட்சிகள் கொடுங்கள். இப்போது அவர் எந்தப் பக்கத்தில் அறிமுகமாகிறார்?

குறுந்திரை:
58ஆம் பக்கத்தில்.

இடைவேளை:
12ஆம் பக்கத்துக்குள் கொண்டுவாருங்கள்.