ஒல்லாந்துப் பூட்டனைத் தேடிப் போன கதைகள்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

மெல்பேர்ண் மருமகள்:

நான் பிறந்தது மானிப்பாயில். என் புருஷனுடைய ஆட்கள் கொழும்புப் பறங்கியர், அதாவது இலங்கையில் ஐரோப்பியக் கலப்பில் வந்த சனம். இவர்கள் ஒல்லாந்து (டச்சு) வழி. அறுபதுகளின் தொடக்கத்தில் குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியவர்கள். எங்கள் வீட்டு முன்னறையில் கண்ணாடி போட்ட வம்சாவளி ஒன்று தொங்குகிறது. உச்சியில் ஒல்லாந்திலிருந்து வந்தவர் என்று ஓர் ஆண். கீழே மகன், பேரன், பூட்டன் என்று இறங்கி மாமாவில் வந்து நிற்கும். மனைவிமாரும் இருக்கிறார்கள்தான். ஆனால் மேல் வரிசைகளில் மரியா, டொமிங்கா என்று ஞானஸ்நானப் பெயர் மட்டும். தகப்பன் யார், எந்த ஊர், ஒன்றும் இல்லை. மரியா யார் மாமி என்று கேட்டால், தேத்தண்ணி போடவா என்று எழும்பிப் போய்விடுவார்.

அந்தப் பட்டியல் எதற்காக எழுதப்பட்டது என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. 1956-இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்ததும், ஆங்கிலத்தை வைத்துக் கந்தோர் வேலை பார்த்த பறங்கியர் வெளியேறத் தொடங்கினார்கள். அவுஸ்திரேலியா அப்போது வெள்ளையருக்கான நாடு. கலப்புக் குடும்பம் என்றால் முக்கால் பங்காவது ஐரோப்பிய வழி என்று காட்ட வேண்டும், ஆளும் பார்வைக்கு ஐரோப்பியராய் இருக்க வேண்டும். கொழும்பில் 1908-இல் தொடங்கிய ஒல்லாந்துப் பறங்கியர் சங்கம் தன் சஞ்சிகையில் குடும்பம் குடும்பமாக வம்சாவளி அச்சிட்டு வந்தது. பலருக்கு அந்தப் பக்கங்கள்தான் கைகொடுத்தன. மரியாவின் ஊர் அங்கே எவருக்கும் தேவைப்படவில்லை. சொல்லப்போனால், தெரிந்திருந்தால் இடைஞ்சல்.

மாமிக்கு எண்பது கடந்த பிறகு, சாகமுன் அந்த ஆள் புறப்பட்ட ஊரைப் பார்க்க வேண்டும் என்றார். சரி, கொழும்பு, காலி, அங்கிருந்து நெதர்லாந்து என்று எல்லோருமாய்க் கிளம்பினோம்.

கொழும்பில் புதுக்கடைக்குக் கிட்ட, மேட்டில் இருக்கிறது வுல்பெண்டால் தேவாலயம். 1749-இல் கட்டத் தொடங்கி 1757-இல் திறந்தது. கோட்டைக்குள் இருந்த பழைய கோயிலின் கல்லறைக் கற்களை 1813-இல் கொண்டுவந்து இதன் தரையில் பதித்திருக்கிறார்கள். ஆளுநர்கள், பெரிய வணிகர்கள், அவர்களுடைய குலச்சின்னங்கள். மாமி ஒரு கல்லையும் மிதிக்காமல் ஓரமாகவே நடந்தார். எங்கள் ஆளின் பெயர் எதிலும் இல்லை. அவர் சிப்பாய், கல் வைக்கிற அளவுக்கு வசதி இருந்திருக்காது. காலியில் கோட்டையையும் 1755-இல் கட்டிய தேவாலயத்தையும் பார்த்தோம், வெயில் தாங்கவில்லை, அவ்வளவுதான்.

ஹேக் நகரத்தில் மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே தேசிய ஆவணக் காப்பகம். ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல் சம்பளப் பேரேடுகள் அங்கே இருக்கின்றன. 18-ஆம் நூற்றாண்டில் கப்பலேறியவர்களின் பதிவுகள் 7 லட்சத்துக்கும் மேல் தேடக்கூடிய பட்டியலாகவே இருக்கின்றன. எங்கள் ஆளின் பக்கத்தைத் திறந்தபோது மாமிக்கு முகம் விழுந்துவிட்டது. சொந்த ஊர் என்ற இடத்தில் இருந்தது ஒரு ஜேர்மன் பட்டணம்.

அங்கே உதவிக்கு நின்றவருக்கு அது புதினமே இல்லை. கம்பனிச் சிப்பாய்களில் பெரும்பங்கு வெளிநாட்டார்தானாம், அதிலும் ஜேர்மன்காரர் கனபேர். வேலை தேடி அம்ஸ்டர்டாம் வந்தவனுக்கு ஒருவன் தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து, கம்பனியில் சேர்த்துவிட்டு, அந்தச் செலவுக்குக் கடன் பத்திரம் எழுதி வாங்கிக்கொள்வான். இவருடைய பக்கத்திலும் இடதுபுறம் முதல் வரி அதுதான்: 150 கில்டர் கடன். அடுத்தது மரப்பெட்டிக்கான காசு. வலதுபுறம் சம்பளம், மாதம் 9 கில்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒன்றரை வருடம் உழைத்தாலும் கையில் காசு மிஞ்சாது. கடைசியில், கொழும்பிலேயே வேலையை விட்டு நின்றுகொண்டார் என்பதோடு பக்கம் முடிகிறது. மாமி வெகுநேரம் பார்த்துவிட்டு, "கடன்காரப் பயல், நாங்கள் இவனைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறோம்" என்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கொழும்பில் கிடைத்ததைக் கடைசியாக வைத்திருக்கிறேன். பழைய ஒல்லாந்துக் கையெழுத்து எங்களில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. வாசிக்கத் தெரிந்த ஒருவர் கலியாணப் பதிவு ஒன்றை எங்களுக்காக வரி வரியாகப் படித்தார். மணமகன் பெயர், ஜேர்மன் ஊர், சிப்பாய். மணமகள் தூத்துக்குடி மரியா. அவ்வளவுதான். அடிமையாக ஏற்றி வரப்பட்டவளா, கப்பல்காரர் வீட்டுப் பெண்ணா, அந்த ஒரு வரியில் ஒன்றும் இல்லை. நான் மாமியைப் பார்த்தேன். "நீ கனக்கச் சந்தோஷப்படாதே" என்றார்.

இப்படித் தேடிப் போனவர்கள், அல்லது தேடி வந்தவர்களைக் கண்டவர்கள், இங்கே எழுதுங்கள்.

பழவேற்காட்டான்:

அக்கா, எங்க ஊருக்கு வருகிறவர்களைப் பற்றி நான் சொல்கிறேன். டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுதான் தலைமை இடம். கோட்டை இருந்த இடத்தில் இன்றைக்கு மேடும் முள்ளுமரமும்தான். ஆனால் கல்லறைத் தோட்டம் நன்றாக இருக்கிறது, தொல்லியல் துறை பராமரிப்பு. வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் எலும்புக்கூடு செதுக்கி நிறுத்தியிருப்பார்கள். சின்ன வயதில் சாயங்காலம் ஆனால் அந்தப் பக்கம் போகமாட்டோம்.

நெதர்லாந்திலிருந்து வருகிற குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். கல்லில் உள்ள பெயரைப் படிப்பார்கள், படம் எடுப்பார்கள், இறால் எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். ஒரு தடவை மட்டும் கேப்டவுனிலிருந்து ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, காலேஜ் படிக்கிற பெண். வழக்கம்போலக் கல்லறைக்குக் கூட்டிப்போனேன். அந்த அம்மா உள்ளேயே வரவில்லை. "எங்கள் பாட்டி இங்கே புதைக்கப்படவில்லை, இங்கே பிறந்தவள். அவள் பிறந்த மாதிரித் தெருவைக் காட்டுங்கள்" என்றார்.

அவர் சொன்ன பாட்டி 1650-களில் வாழ்ந்தவள். பழவேற்காட்டு கேத்தரினா, டச்சு ஆவணங்களில் பெரிய கத்ரைன் என்று இருக்கிறதாம். இங்கிருந்து பட்டேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) போனவள், அங்கே ஒருவனைக் கொன்ற வழக்கில் மரண தண்டனை வாங்கி, அது குறைக்கப்பட்டு, 1657-இல் கேப் குடியேற்றத்துக்குக் கைதியாக அனுப்பப்பட்டாள். அங்கே ஒரு சிப்பாய்க்கு அவள் பெற்ற பிள்ளை, பிரெஞ்சுக் குடியேறி ஒருவரின் மகளைக் கட்டிக்கொண்டான். அந்த வழியில் வந்த ஆப்பிரிக்கானர்கள், அதாவது அங்கே குடியேறிய டச்சு வழி வெள்ளையர்கள், இன்றைக்குத் தென்னாப்பிரிக்காவில் ஏராளமாம். நிறவெறிச் சட்டம் இருந்த காலத்தில் இந்தப் பாட்டியைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை என்றார்.

எனக்கு எந்தத் தெருவைக் காட்டுவது என்று தெரியவில்லை. ஏரிக்கரையில் மீன் ஏலம் நடக்கிற இடத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே நண்டு பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "எத்தினி வருசம் முன்னாடி?" என்று கேட்டார். முந்நூற்று அறுபது, எழுபது வருஷம் இருக்கும் என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து அந்தப் பெண்ணின் மோவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூக்கு நம்ம மூக்குதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவர்கள் மூன்று பேரும் அழுதார்கள். இரண்டு கிலோ நண்டும் வாங்கினார்கள்.

கடலோரி:

எல்லாம் சரி. ஆனால் எல்லோரும் டச்சுப் பாரம்பரியம், டச்சுப் பாரம்பரியம் என்று கொண்டாடுகிற தொனியில் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. 1659-61 பஞ்சத்தில் தஞ்சைக் கடற்கரையிலிருந்து டச்சுக் கம்பெனி வாங்கி ஏற்றிய அடிமைகள் 8,000 முதல் 10,000 பேர் வரை இருக்கும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பெரும்பாலோர் போனது இலங்கைக்கு. பட்டினியில் பெற்றோரே பிள்ளைகளை விற்ற காலம். நெதர்லாந்து பிரதமர் அடிமை வியாபாரத்துக்கு மன்னிப்புக் கேட்டதே 2022 டிசம்பரில்தான்.

பழவேற்காட்டான்:

அண்ணே, நான் கொண்டாடவில்லை. அந்த கேத்தரினா எப்படிப் பட்டேவியா போனாள் என்று நினைக்கிறீர்கள்? டிக்கெட் எடுத்தா?

நெடுந்தீவுக் குதிரை:

எங்கட நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் தங்கள் ஊர் ஒன்றின் பெயரை வைத்தார்கள், டெல்ஃப்ட். பக்கத்தில் வேலணைக்கு லைடன், காரைநகருக்கு அம்ஸ்டர்டாம் என்றும் வைத்தார்கள். அதெல்லாம் எடுபடவில்லை, எங்களுடையது மட்டும் இங்கிலீசில் ஒட்டிக்கொண்டது. இதனால் டெல்ஃப்ட் நகரத்துச் சனம் அவ்வப்போது வந்து இறங்கும். குறிகட்டுவானில் படகேறி, ஒரு மணித்தியாலம் ஆடி அசைந்து, முகம் பச்சையாகிப்போய் இறங்குவார்கள்.

அப்படி வந்த ஒரு தம்பதிக்குப் புறாக்கூட்டைக் காட்டினேன், கட்டைக் குதிரைகளைக் காட்டினேன், பவளக்கல் மதில்களைக் காட்டினேன். அவருக்கு எல்லாம் பிடித்துக்கொண்டது. மனிசி மட்டும் ஒரு கிணற்றடியில் நின்றுவிட்டார். தண்ணிக்கு வரிசையில் நின்ற பிள்ளைகளைப் பார்த்து, இங்கே குடிதண்ணீர் எப்படி என்று கேட்டார். வெயில் காலத்தில் உவர்தான் என்றேன். எங்கள் டெல்ஃப்டில் வாய்க்காலில் தண்ணீர் வழிகிறது, அதை எங்கே விடுவது என்பதுதான் பிரச்சினை என்றார். அதற்கு நான் என்ன சொல்ல? இரண்டு டெல்ஃப்டையும் குழாய் போட்டு இணையுங்கோ என்றேன். புருஷனுக்குப் பகிடி விளங்கவில்லை, நீளத்தைக் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

உத்ரெக்ட் தமிழன்:

மருமகள் அக்காவுக்கு. பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடினால் பாதிப் பேர் சிக்கமாட்டார்கள். குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியிருப்பார். ஊர், கப்பல், புறப்பட்ட வருடம், இந்த மூன்றையும் வைத்துச் சலித்துப் பாருங்கள்.

அப்புறம், பறங்கியர் வம்சாவளிகளில் உச்சியில் ஐரோப்பியர் இல்லாத குடும்பமும் உண்டு. ஒண்டாச்சி குடும்பத்தின் மூதாதை தஞ்சாவூரிலிருந்து 1659-இல் கொழும்புக்கு வந்த மருத்துவர். ஆளுநரின் மனைவிக்கு வைத்தியம் பார்க்க அழைத்தார்கள் என்பது குடும்ப வழக்கு. அந்த வழியில் 1758-இல் கொழும்பில் பிறந்த குவின்ட் ஒண்டாச்சி படிக்க இங்கே வந்து, 1780-களில் உத்ரெக்ட் நகரத்துத் தேசபக்தர் கிளர்ச்சிக்கே தலைவர்களில் ஒருவராகிவிட்டார். ஆட்சியிலிருந்த ஒரேஞ்ச் இளவரசருக்கு எதிராக டச்சுக்காரர்களைத் திரட்டியது தஞ்சாவூர் வைத்தியர் வீட்டுப் பிள்ளை. என் டச்சு நண்பர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள், போனை எடுத்துத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் வாயை மூடுவார்கள்.

மெல்பேர்ண் மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. கடலோரி அண்ணை சொன்னது எனக்கு இரண்டு நாளாய் மனதை அரித்தது. தூத்துக்குடி மரியாவும் அப்படி ஏற்றப்பட்டவளாய் இருக்கலாம் என்று மாமியிடம் சொன்னேன். சண்டை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நத்தாருக்கு (கிறிஸ்மஸுக்கு) ப்ரோடர் என்கிற பறங்கியர் கேக் போட அச்சுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவர், அப்படியானால் எங்கட லம்ப்ரைஸ் பொதிச் சோற்றை வாழையிலையில் கட்டியது யார் என்று நினைக்கிறாய், ஜேர்மன்காரனா என்று கேட்டார். யாவாப் பக்கமிருந்து வந்த பழக்கம் என்கிறார்கள் மாமி என்றேன். "யாவாவோ தூத்துக்குடியோ, கட்டினது பெண்டுகள்" என்றுவிட்டு ஈடம் சீஸை வெட்டப் போய்விட்டார்.

மாமியின் முடிவு, அடுத்த பயணம் தூத்துக்குடி. அங்கே என்ன பார்க்கலாம்? ஊர்க்காரர் யாரும் இருக்கிறீர்களா?

முத்துக்குளி:

இருக்கிறேன் அக்கா. டச்சுக்காரர்கள் 1658-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து ஊரைப் பிடித்தார்கள், 1825-இல் ஆங்கிலேயரிடம் விட்டுப்போனார்கள். அவர்கள் 1750-இல் கட்டிய தூய திரித்துவ ஆலயம் இன்றும் இருக்கிறது, இப்போது தென்னிந்தியத் திருச்சபை. ஆனால் மரியாவை அங்கே தேடாதீர்கள். உங்கள் மரியா அதற்கு முன்னால் கப்பலேறியவளாய் இருந்தால் அந்தக் கட்டடமே அப்போது இல்லை. பரதவர்கள் டச்சுக்காரர் எவ்வளவு நெருக்கியும் பெரும்பாலும் கத்தோலிக்கத்தை விடவில்லை. மரியா என்ற பெயரும் எங்கள் வீடுகளில் வீட்டுக்கு ஒன்று உண்டு. முதலில் பனிமய மாதா கோயிலுக்கு வாருங்கள். ஆகஸ்ட் 5 திருவிழா, அந்த வாரம் அறை கிடைக்காது, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாமியால் படி ஏற முடியுமா?